பேய்க்கு வசனம் வந்த நாள்

டப்பிங் பேசுகிறவர்கள் நடுவில் பேயக்கா என்று கேட்டால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஸ்டூடியோ வாட்ச்மேன்கூட "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே" என்று கையை விரித்துவிடுவார். அந்தப் பட்டப்பெயரில் தனக்கு வருத்தமே கிடையாது என்று அவளும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சுத்தப் பொய். வருத்தம் தொண்டை வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிற பேய்த் தொடரில் பேய்க்குக் குரல் கொடுப்பதுதான் அவள் வேலை. ஒரு பெரிய வீட்டின் மாடியில் அந்தப் பேய் வருஷக்கணக்காகக் குடியிருந்தது. கிளம்புகிற உத்தேசமே இல்லை. சிரிக்கும், முனகும், பல்லை நறநறக்கும், நினைத்தால் வீடே அதிரக் கத்தும். பேச்சு என்று பார்த்தால் "வா", "விட மாட்டேன்", "இது என் வீடு". அவ்வளவுதான் அதன் தமிழ். நடிக்கிற பெண் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விடுவாள். உயிரைக் கொடுத்துக் கத்துகிறவள் இவள்.

கத்துவதை லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முகத்தை மைக்குக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். தொண்டையிலிருந்து எடுத்தால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு. எப்படி எடுத்தாலும் கத்தி முடித்தபின் குரல் கட்டைதான். அதனால் எந்த ஸ்டூடியோவாக இருந்தாலும் வசனமெல்லாம் முடிந்த பிறகுதான் கத்தலை எடுப்பார்கள். டப்பிங்குக்கு வருகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் இது.

சரி, பேய் கத்திவிட்டுப் போகட்டும். அதே தொடரில் கதாநாயகிக்குக் குரல் யார்? பேயக்காவின் தம்பி பொண்டாட்டி! அங்கேதான் வினையே.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே ஸ்டூடியோ. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். போய் இறங்கியதும் ஒருத்தி குயில், இன்னொருத்தி பேய். எந்த மனுஷிக்குத்தான் வயிறு எரியாது, சொல்லுங்கள். தம்பி பொண்டாட்டி கடையில் போய் ஒரு சோப்பு கேட்டால் போதும், "அம்மா, டிவியில பேசுறது நீங்கதானே? குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டேன்" என்று கடைக்காரர் எழுந்தே நின்றுவிடுவார். அதே கடையில் பேயக்கா கேட்டால் தலையை நிமிர்த்தாமல் சோப்பை நீட்டுவார். அவளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமானால் கடை நடுவில் நின்று பேய்ச் சிரிப்பு சிரித்துக் காட்ட வேண்டும். காட்டவும் ஒரு நாள் ஆசைப்பட்டாள். கூட்டமாக இருந்ததால் வந்துவிட்டாள்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. தம்பி பொண்டாட்டி உட்காருகிற ஸ்டூலுக்கு மெத்தை போட்டார்கள், எரிந்தது. மெத்தையில் உட்காராமல் நின்றே பேசினாள், அதற்கும் எரிந்தது. வெந்நீர் குடித்தால் "ரொம்பத்தான் அலட்டுறா", குடிக்காவிட்டால் "திமிரு". அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்த வாரத்தில் பேயக்கா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அவளுக்கென்று ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தம்பி.

அப்பா அம்மா போனபின் அந்தத் தம்பியைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். தனக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் படிப்பு படிக்க வைத்து, வேலையில் உட்கார வைத்து, பெண் பார்த்துக் கட்டியும் வைத்தாள். அவனுக்கு அக்கா சொல்தான் வேதவாக்கு. அக்கா ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து பொண்டாட்டியின் குரலைப் பற்றி அவன் ஒரு நல்ல வார்த்தை பேசியது கிடையாது. தொடர் ஆரம்பித்தால் கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான், அங்கே ஏதோ ரிப்பேர் இருக்கிற மாதிரி. அவன் எழுந்து போகும்போது பொண்டாட்டி முகம் விழுகிற அழகைப் பேயக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். அது ஒரு நிமிஷ சொர்க்கம்.

அவள் சொன்ன விஷயம் இதுதான். "கதாநாயகி குரலுக்கு டெஸ்ட் வச்சது எனக்குத்தான்டா. அன்னிக்குப் பேய்க் கத்தலும் ஒண்ணு எடுக்க வேண்டியிருந்துது. புதுசா கல்யாணமாகி வந்தவளாச்சே, ஸ்டூடியோவைப் பார்க்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன். இவ என்ன பண்ணா தெரியுமா? நான் அந்தப் பக்கம் போனதும் சவுண்ட் இன்ஜினியர் கிட்ட போய், அண்ணி சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமாம், கத்தலை முதல்லயே எடுத்துடுங்கன்னு சொல்லிட்டா. கத்தினதுல என் தொண்டை கட்டிப்போச்சு. டெஸ்ட்ல தகரம் மாதிரி வந்துது. மைக்கை சரிபார்க்கன்னு இவளைப் பேசச் சொன்னாங்க, இவ சான்ஸைத் தட்டிட்டுப் போயிட்டா." இதைத் தம்பியிடம் சொன்னாள், பெரியம்மாவிடம் சொன்னாள், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சொன்னாள். சொல்லச் சொல்ல கதைக்குக் கையும் காலும் முளைத்தது. தம்பி பொண்டாட்டி ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. மறுக்க வாயில்லை, குற்றமுள்ள நெஞ்சு என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பேய்க்கு நல்ல காலம் பிறந்தது.

இப்போதெல்லாம் பேய்த் தொடர்களில் அது ஒரு மோஸ்தர். முன்பு பேய் வந்தால் கதவை ஆட்டும், விளக்கை அணைக்கும், போய்விடும். இப்போது பேயும் திருந்த வேண்டும். தன் பழைய கதையை நேருக்கு நேர் பார்த்து, மனசு மாறி, அழுதுவிட்டுப் போக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறதாம். வசனம் எழுதுகிறவர் ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்து கதையைச் சொன்னார். மாடிப் பேய் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்து செத்தது. கூடவே இருந்த உயிர்த்தோழிதான் தள்ளிவிட்டாள் என்று நினைத்து இத்தனை காலமும் அவள் குடும்பத்தை ஆட்டிப்படைத்தது. இப்போது கதாநாயகி பேயின் கையைப் பிடித்து, அது செத்த நாளுக்கே கூட்டிப்போகிறாள். பேய் எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்க்கிறது. அதற்கப்புறம் பேசுகிறது.

"எவ்வளவு பேசுது?" என்று பேயக்கா கேட்டாள்.

"ஒரு எபிசோடே அதோட பேச்சுதான்கா. கதாநாயகி சும்மா பக்கத்துல நிப்பா, வாயே திறக்க மாட்டா."

கதாநாயகி வாயே திறக்க மாட்டாள்! பேயக்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் தேன் வார்த்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தானாகச் சிரித்தாள். தம்பி பொண்டாட்டி, "சந்தோஷமா இருக்கு அண்ணி" என்றாள். "உனக்கு எதுக்கு சந்தோஷம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அன்றிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தொடாமல் வெந்நீர்தான் குடித்தாள். யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. இந்த ஒரு எபிசோடு போதும், அப்புறம் யாரும் தன்னைப் பேய் என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்பினாள். பாவம், அப்படித்தான் நம்பினாள்.

டப்பிங் இன்சார்ஜ் பதிவுக்கு முந்தின நாள் கூப்பிட்டு அதில் மண்ணைப் போட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பேய் மனசு மாறிப் பேசுற இடம், குரல் பூ மாதிரி இருக்கணும்னு மேல சொல்றாங்க. உங்க குரல்ல அந்தக் கரகரப்பு ஊறிப்போச்சு. வசனத்தை உங்க தம்பி வைஃப் பேசட்டும். அந்த அம்மாவுக்கு நாளைக்கு வேற வசனமும் இல்ல. நீங்களும் வாங்க, முனகல் ஒண்ணு ரெண்டு இருக்கு."

முனகல்! பேயக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கதாநாயகி ஊமையாக நிற்கிற அந்த ஒரு நாளில்கூடப் பேசப்போகிறவள் அவள்தானா? அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம். "நான் வேணாம்னு சொன்னேன் அண்ணி, அவர் கேட்கல" என்று தம்பி பொண்டாட்டி பின்னாலேயே வந்தாள். "ஆமாம்மா, உனக்கு எதுவுமே வேணாம், எல்லாம் தானா உன் மடியில வந்து விழும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டூடியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி பொண்டாட்டி, காதில் ஹெட்ஃபோன், முன்னால் வசனத் தாள்கள். இந்தப் பக்கம் இன்ஜினியர், அவருக்குப் பின்னால் சுவரோரமாகப் பேயக்கா. இன்சார்ஜ் போனில் பேச வெளியே போயிருந்தார். இன்ஜினியர் இந்தத் தொடருக்குப் புதுசு. அதுவரை பாட்டுப் பதிவில் இருந்தவர், டப்பிங் நெளிவு சுளிவு பழக்கமில்லை. மாடியிலிருந்து விழும்போது கத்துகிற கத்தலும் அன்றைய வேலையில் இருந்தது. அதையும் இந்தப் பூங்குரலே கத்தட்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் சாதாரணமாகத் திரும்பி, "அக்கா, நீங்க சீனியர். எதை முதல்ல எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"முதல்ல கத்தலை எடுங்க" என்றாள் பேயக்கா.

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொண்டாளா? அதுதான் இல்லை. "தொண்டை நல்லா திறந்துக்கும்" என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

இன்ஜினியரின் மைக் திறந்திருந்ததால் உள்ளே அது கேட்டிருக்கிறது. தம்பி பொண்டாட்டி தலையை நிமிர்த்தி, கண்ணாடி வழியாகப் பேயக்காவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இத்தனை வருஷம் மைக் முன்னால் நின்றவள், கத்தலை எப்போது எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? "அண்ணி சொன்னா சரி" என்று வசனத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையணை இல்லாமல், அடிவயிற்றைப் பிடிக்காமல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள். இன்ஜினியர் இன்னொன்று கேட்டார். அதையும் கத்தினாள். மூன்றாவது கத்தலில் பாதியில் வெறும் காற்றுதான் வந்தது.

இன்சார்ஜ் உள்ளே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "எவன்யா கத்தலை முதல்ல எடுக்கச் சொன்னது?" இன்ஜினியர் விழித்தார். மறுநாள் ஒளிபரப்பு. வேறு ஆளைத் தேட நேரமில்லை. "அக்கா, நீங்களே போங்க. வர்றது வரட்டும்" என்றார்.

நினைத்தது நடந்துவிட்டது. கதவருகில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டபோது தம்பி பொண்டாட்டி காற்றுக் குரலில், "பேய் உங்களோடது அண்ணி. நீங்கதான் பேசணும்" என்றாள். தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். பேயக்கா உள்ளே போய் நின்றாள்.

முதல் பக்கம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வந்தது அந்த வரி. பேய் தன் சாவைத் தானே பார்க்கிறது. தோழி தள்ளவில்லை. தோழிக்கு முன்னால் தன் துணிச்சலைக் காட்டக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றது அவளேதான். தோழி கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், பிடி நழுவிவிட்டது. பேய் சொல்ல வேண்டும்: "என்னை யாரும் தள்ளல. நான்தான் ஏறினேன்."

பேயக்கா சொன்னாள். இன்சார்ஜ் மறுபடி கேட்டார். சொன்னாள். மறுபடியும் கேட்டார். "அக்கா, நீங்க இன்னும் சண்டை போடுறீங்க. இது சண்டை இல்ல. ஒத்துக்கிறது."

ஒத்துக்கொள்வதாமே. பேயக்கா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் ஹெட்ஃபோன், சுற்றிலும் சத்தமே இல்லாத அறை. முதல்ல கத்தலை எடுங்க. சற்று முன் தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை புது வார்த்தையா என்ன? அப்படியே, எழுத்துப் பிசகாமல், இதே அறையில் முன்பு ஒரு நாள் அவள் சொன்னதுதான். அன்றைக்கு இருந்த இன்ஜினியர் கேட்டார், டெஸ்டை முதலில் எடுக்கலாமா, கத்தலை முதலில் எடுக்கலாமா என்று. அவர் பக்கத்தில் தம்பியின் புதுப் பொண்டாட்டி நின்றாள். யாரோ ஒருவர், "உங்க தம்பி வைஃப் குரல் இனிமையா இருக்கே" என்று ஒரு மரியாதைக்குச் சொல்லி வைத்தார். அவ்வளவுதான், பேயக்காவுக்குச் சுருக்கென்றது. குரல் என்றால் என்னவென்று நேற்று வந்தவளுக்குக் காட்டிவிட வேண்டும். முதல்ல கத்தலை எடுங்க என்றாள். கண்ணாடி அதிரக் கத்தினாள். அந்தப் பெண் பயந்து காதைப் பொத்திக்கொண்டது. அப்போது எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா மனசு! அதற்கப்புறம்தான் டெஸ்ட், தகரக் குரல், எல்லாம். யாரும் இன்ஜினியரிடம் போய் எதையும் சொல்லவில்லை. அது அவளாகக் கட்டிய கதை. கட்டிக் கட்டி, அவளே நம்பிவிட்டாள்.

"டேக்" என்றார் இன்சார்ஜ்.

"என்னை யாரும் தள்ளல" என்றாள் பேயக்கா. "நான்தான் ஏறினேன்."

கரகரப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. சின்னப் பெண் ஒன்று இருட்டில் நின்று பேசுகிற மாதிரி வந்தது. அதோடு நிற்கவில்லை, கடைசித் தாள் வரை அதே குரல். முடிந்ததும் இன்சார்ஜ் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். தம்பி பொண்டாட்டி ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியிடம் தொண்டை கட்டிக்கொண்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு அவன் வழக்கம்போல ஸ்பானரோடு எழுந்தான். வாசலுக்குப் போகிறவன் அந்தக் குரலைக் கேட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். கடைசி வரைக்கும் நின்றே பார்த்தான். முடிந்ததும் திரும்பி, தன் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் முறையாகப் பொண்டாட்டியிடம் சொன்னான்: "ரொம்ப நல்லா பேசியிருக்க. அழுது அழுது பேசித்தான் தொண்டை இப்படி ஆயிடுச்சா?"

அவள் திடுக்கிட்டு, இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பேயக்காவைக் கைகாட்டினாள். பேச முடிந்தால்தானே! அதற்குள் பெரியம்மா போன். பேயக்கா எடுத்தாள். "ஏன்டி, அந்தச் சிறுக்கி உனக்குத் துரோகம் பண்ணவளா இருக்கட்டும், இன்னிக்கு என்னை அழ வச்சுட்டாடி. என்ன குரல், என்ன குரல்! கொடு அவ கிட்ட."

பேயக்காவின் வயிற்றில் தீ வைத்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நன்றாகப் பேசினாள். அதையும் தம்பி பொண்டாட்டி கணக்கில் எழுதுகிறார்களே! போனைக் கட் செய்தாள்.

"டேய், அது அவ இல்ல. நான். அத்தனையும் நான் பேசினது!"

"நீயா? உன் குரல் மாதிரியே இல்லையே. அது அவ பேச வேண்டியதுன்னு முந்தாநாள் நீதானே கத்திட்டு இருந்த? ஏன் அவ பேசல?"

பாராட்டு வேண்டுமானால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் தம்பி போய்விடுவான், இத்தனை வருஷமும் தன் பக்கமே நின்ற தம்பி. விட்டுக்கொடுத்துவிடலாம், பேசியது அவள்தான் என்று இருந்துவிடலாம். அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. நல்லவளாகி அவள் உண்மையைச் சொல்லவில்லை ஐயா, பொறாமை தாங்காமல் சொன்னாள்.

"அவ குரலை நான்தான் கெடுத்தேன். கத்தலை முதல்ல எடுக்கச் சொன்னது நான்." அதோடு நிறுத்தவில்லை. "அன்னிக்கும் நான்தான்டா சொன்னேன். இவ யார் கிட்டயும் எதுவும் சொல்லல. சும்மா பக்கத்துல நின்னா."

தம்பி திரும்பித் தன் பொண்டாட்டியைப் பார்த்தான். "உனக்கு இது தெரியுமா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அன்னிலேருந்தா?"

அதற்கும் ஆட்டினாள். தம்பி ஸ்பானரைத் தரையில் வைத்தான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. போய்ப் பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான். இந்த வீட்டில் அந்த இடத்தில் அவன் உட்கார்ந்து பேயக்கா பார்த்ததே இல்லை. "என் கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான் அவளிடம். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தாள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பேயக்கா கையைப் பிசைந்துகொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். வெட்கமாக இருந்தது. அவமானமாக இருந்தது. அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது. அவர்களைத் தாண்டி உள்ளே போகவும் மனசில்லை, அங்கேயே நிற்கவும் முடியவில்லை. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"எல்லாம் சரிடா. நான் நல்லா பேசினேனா இல்லையா? அதைச் சொல்லு."